இருவழி வானொலியும் பழைய ஜீப்பும்

தமிழிலுள்ள பிரபந்த வகைகளுள் தூது என்பதும் ஒன்றாம். அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்னும் பத்தினையும் தூது விடுத்தல் மரபு. இவற்றுள் யாதேனும் ஒன்றை விளித்துத் தன் நிலையை எடுத்துரைத்து, மறுமொழி கொண்டு வருக என வேண்டுவதோடு நூல் நிறைவுறும். மறுமொழி வந்ததோ வாராதோ என்பதை நூல் கூறாது. செய்தி போகும் வழி ஒன்று உண்டு. மீளும் வழி இல்லை.

நாம் வீட்டிலிருந்து கேட்கும் வானொலியும் அத்தகையதே. 1925ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16ஆந் தேதி கொழும்பிலே ஒலிபரப்புத் தொடங்கிய நாள் முதலாக இந்நாட்டு மக்கள் வானொலியைக் கேட்டு வருகின்றனர். கேட்பவர் மறுமொழி கூற விரும்பினால் அஞ்சலட்டை ஒன்றே கதி. கேட்கவும் மறுமொழி கூறவும் ஒரே கருவி உதவுமாயின் அதனை இருவழி வானொலி என்பர். அதனைப் பழைய ஜீப் வண்டியொன்றிற் பொருத்துவது எவ்வாறு, பொருத்துங்கால் எவற்றைக் கவனித்தல் வேண்டும், பொருத்திய பின் எவ்வாறு வழங்குதல் வேண்டும் என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இவ்விடயத்திலே என்ன வேலை என அன்பர் சிலர் வினவக்கூடும். ஒரு துறையின் பொருளைத் தமிழில் விளக்கினால் அன்றி அத்துறையின் சொற்கள் தமிழில் வாழா என்பது ஒரு காரணம். மற்றொன்று இதனினும் பெரிது. எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று ஊர்தோறும் பழைய ஜீப் வண்டிகளை வைத்திருக்கின்றனர். தோட்டத்துக்கும் வயலுக்கும் போய்வரும் அவ்வண்டிகளே வெள்ளம் வந்தகாலை நோயாளரையும் முதியோரையும் ஏற்றிச் செல்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டேனும் வாய் பேசும் வண்டிகளாயின் பல உயிர்கள் காக்கப்படும் என்பது எம் துணிபு.

வரலாற்றுச் சுருக்கம்

மோட்டார் வண்டியில் வானொலியை முற்காலத்திலேயே ஒழுங்காகப் பயன்படுத்தியோருள் அமெரிக்க நாட்டுப் பொலிசாரும் அடங்குவர். 1928ஆம் ஆண்டிலே டிற்றோயிற் நகரப் பொலிசார் தம் நிலையத்திலிருந்து வண்டிகளுக்குக் கட்டளை அனுப்பும் முறையைத் தொடங்கினர். ஆயினும் அது தூதுப் பிரபந்தம் போன்றதே. வண்டியிலுள்ளோர் கேட்கலாம், மறுமொழி கூறவியலாது. கட்டளை செவிக்கு எட்டியதோ என்பதை அறிய, அவர்கள் தெருவோரத் தொலைபேசியைத் தேடிச் செல்லுந் துணையும் நிலையத்தார் காத்திருத்தல் வேண்டும். 1933ஆம் ஆண்டிலே நியூ ஜேர்சி மாநிலத்துப் பேயோன் நகரப் பொலிசாரே வண்டியிலிருந்தும் பேசும் இருவழி முறையைக் கையாண்டனர். எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்பார் கண்ட மீடிறன் மட்டிசைப்பு முறையை ஏற்று, 1940ஆம் ஆண்டிலே கனெக்டிக்கட் மாநிலப் பொலிசாருக்கு டானியல் நோபிள் என்பார் அமைத்துக் கொடுத்த ஏற்பாடே இன்று வழங்கும் வண்டி வானொலிகளுக்கு மூதாதை எனலாம். எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் இரைச்சலை இம்முறை பெரிதும் அடக்கியமையே அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று.

கைத்தொலைபேசி உள்ள காலத்தில் இஃது எற்றுக்கு?

நியாயமான வினாவே. கைத்தொலைபேசி தானாகப் பேசுவதில்லை. அருகிலுள்ள கோபுரத்தோடு பேசுகின்றது. கோபுரமோ மின்சாரத்தையும் நிலத்தடி வடங்களையும் நம்பி நிற்கின்றது. மின்சாரம் அற்றுச் சில மணி நேரத்தில் கோபுரத்தின் மின்கலங்கள் வறளும், கோபுரம் ஊமையாகும், ஊரிலுள்ள ஆயிரங் கைத்தொலைபேசிகளும் அதனோடு ஊமையாகும். இருவழி வானொலிக்கு நடுவண் நிற்பார் எவரும் வேண்டா. இரு வண்டிகள், இரு மின்கலவடுக்குகள், இரு மனிதர், இவை போதும்.

எம் கரையோரங்கள் கண்ட அழிவுகள் பல. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசெம்பர்ப் புயல் எம் வடகரையையும் விட்டு வைக்கவில்லை. 1978 நவம்பர் 23ஆந் தேதிப் புயல் மட்டக்களப்பைச் சிதைத்தது. 2008 நவம்பரில் வந்த நிஷா புயலின் மழையில் யாழ்ப்பாணம் நீரில் மிதந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் வெள்ளத்தையும் மலைநாட்டில் மண்சரிவையும் விளைத்தது. இவையனைத்தினும் கொடியது 2004 டிசெம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை. இலங்கையில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில் தெற்கே அம்பாந்தோட்டைக்குச் சென்ற அமெச்சூர் வானொலியினர் கொழும்புடன் சிற்றலைத் தொடர்பு ஏற்படுத்திச் செய்தி பரிமாறினர். அந்தமான் தீவின் போட் பிளேயர் நகரிலே, வானொலிப் பயணமாக அம்மாதம் அங்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், தம் நிலையத்தை அவசர நிலையமாக மாற்றித் தீவு மக்களின் செய்திகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பினார். பொழுதுபோக்காகக் கற்ற கலை பொழுது விடியுமுன் உயிர்காக்கும் கலையாயிற்று.

போர்க்காலத்திலே மின்சாரமும் தொலைபேசியும் இன்றி, சைக்கிள் தைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையினர் நாம். செய்தி கேட்பதற்கு ஓர் உவாற்று மின்வலு எத்துணை அருமையானது என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

வண்டியை ஆராய்தல்

கருவியை வாங்குமுன் வண்டியை அறிதல் வேண்டும். புதிய வண்டிகளில் ஒரே வகை மின்னமைப்பே காணப்படும். பழைய ஜீப் இனங்களில் அவ்வாறன்று. மூன்று விடயங்களை முதலில் உறுதி செய்க.

முதலாவது, மின்னழுத்தம். வண்டி வானொலிகள் 13.8 உவோற்றுக்கு அமைந்தவை. அஃதாவது 12 உவோற்று வண்டிகளுக்கு உரியவை. ஆனால் பழைய டீசல் லாண்ட் குறூசர், நிசான் பற்றோல் வண்டிகளுட் சில, இரு மின்கலவடுக்குகளைத் தொடராக இணைத்து 24 உவோற்றில் இயங்குவன. அவற்றில் வானொலியை நேரே இணைத்தால் அக்கணமே கருவி கருகும். இதனை அறிந்த சிலர், இரண்டு மின்கலவடுக்குகளுள் ஒன்றிலிருந்து மாத்திரம் 12 உவோற்றை எடுப்பர். அதுவும் தவறு. ஒன்று வறண்டும் மற்றது மிகையாக மின்னேற்றம் பெற்றும் இரண்டுமே விரைவிற் கெடும். 24ஐ 12 ஆக்கும் மாற்றி ஒன்றை இடையே வைத்தலே முறை.

இரண்டாவது, புவி இணைப்பு. 1967ஆம் ஆண்டளவு வரை வந்த லாண்ட் றோவர்களில் மின்கலவடுக்கின் நேர் முனை வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வானொலிகளிலோ மறை முனையே கருவியின் உலோகப் பெட்டியோடு சேர்ந்திருக்கும். இத்தகைய கருவியை நேர்ப்புவி வண்டியிற் புரியாணியால் முடுக்கியவுடன் குறுஞ்சுற்று உண்டாகும். ஆதலின் பழைய லாண்ட் றோவர் உடையோர், தம் வண்டி முன்னரே மறைப்புவிக்கு மாற்றப்பட்டுளதா என்பதை அளந்து பார்த்தே தொடங்குதல் வேண்டும்.

மூன்றாவது, உடலின் உலோகம். 1948ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் றோவர், உருக்குத் தட்டுப்பாடான காலத்தில் அலுமினியக் கலவையால் உடல் பெற்றது. அவ்வழக்கம் பின்னரும் நிலைத்தது. அலுமினியத்திலே காந்தம் ஒட்டாது. சில வண்டிகளின் கூரையோ கண்ணாடி நாரால் ஆயது. இவ்விரண்டும் ஏரியலைப் பொருத்தும் முறையைப் பாதிக்கும்; அதனைப் பின்னர்க் கூறுவாம்.

மின்சாரத்தைக் கொண்டு வருதல்

இப்பணியிற் பெரும்பாலானோர் இடறுமிடம் இதுவே. சிகரெட் கொளுத்தும் குழியிலே செருகினாற் போதும் என்று எண்ணுவர். அக்குழிக்கு வரும் பழைய கம்பி மெல்லியது. அதன் உறை முப்பது ஆண்டு வெயிலில் வெடித்திருக்கும். 50 உவாற்று வலுவுள்ள வானொலி கேட்கும்போது அரை அம்பியர் அளவே உண்ணும். பேசும்போதோ 11 அம்பியர் வரை உண்ணும். வயிறு சிறுத்த கம்பியில் அத்துணை மின்னோட்டம் பாயின் கம்பி சூடேறும், உறை உருகும், வண்டி தீப்பற்றும். ஆகவே மின்கலவடுக்கிலிருந்து நேரே தனிக் கம்பி கொண்டு வருதலே தக்கது.

அக்கம்பியின் பருமன் யாது? இதனை ஊகித்தல் வேண்டா, கணித்தே அறியலாம். ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் உடைய செப்புக் கம்பியின் தடை ஏறக்குறைய 0.0172 ஓம். மின்கலவடுக்கிலிருந்து ஆசனத்தின் கீழுள்ள வானொலிக்கு 4 மீற்றர் எனக் கொள்வோம். போவதும் வருவதுமாக 8 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் மொத்தத் தடை 0.092 ஓம், 11 அம்பியர் பாயும்போது ஏறக்குறைய 1 உவோற்று வழியிலேயே இழக்கப்படும். 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் இழப்பு 0.4 உவோற்றிலும் குறைவு.

ஓர் உவோற்று என்ன பெரிது எனக் கேட்கலாம். வானொலிகள் பல 13.8 உவோற்றுக்கு நூற்றுக்குப் பதினைந்து கூடவோ குறையவோ இயங்குமாறு ஆக்கப்படுவன. அஃதாவது ஏறக்குறைய 11.7 உவோற்றுக்குக் கீழே அவற்றின் செயல் உறுதியன்று. எஞ்சின் ஓடும்போது மின்கலவடுக்கில் 13.8 முதல் 14.4 உவோற்று வரை இருக்கும். ஓர் உவோற்றை இழந்தாலும் கருவி பேசும். எஞ்சினை நிறுத்தி, சிறிது பயன்படுத்திய பின் மின்கலவடுக்கு 12.4 உவோற்றுக்கு இறங்கும். அதில் ஓர் உவோற்றை மெல்லிய கம்பி விழுங்கினால் கருவிக்கு எஞ்சுவது 11.4. அப்பொழுது வானொலி கேட்கும், ஆனாற் பேசாது. வீட்டு முற்றத்திலே சோதித்தபோது நன்றாகப் பேசிய கருவி, எரிபொருள் தீர்ந்து வெள்ளத்தின் நடுவே நிற்கும்போது வாய் மூடிக்கொள்வதன் இரகசியம் இதுவே. தடித்த கம்பிக்குக் கொடுக்கும் சிறு விலை அந்நேரத்துக்கே கொடுக்கப்படுவதாம்.

அடுத்தது பியூஸ் எனப்படும் உருகி. இது வானொலியைக் காப்பதற்கென்று பலர் எண்ணுவர். உண்மையில் இது கம்பியைக் காப்பது. கம்பியைக் காத்தலின் வண்டியைக் காப்பது. ஆதலால் இதன் இடம் வானொலியின் அருகன்று, மின்கலவடுக்கின் அருகேயாம். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துள்ளே 15 அம்பியர் உருகியை வைத்தல் வேண்டும். உருகியைக் கருவியருகே வைத்துவிட்டால், இடையிலுள்ள 4 மீற்றர்க் கம்பி எங்கேனும் உடலோடு உராய்ந்து உறை கிழியும்போது தடுப்பார் எவருமில்லை. மின்கலவடுக்கின் முழு ஆற்றலும் அவ்விடத்திலே தீயாக வெளிப்படும்.

உறை கிழியும் இடம் பெரும்பாலும் எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடைப்பட்ட தகட்டுச் சுவரேயாகும். அதிலே துளையிட்டுக் கம்பியை வெறுமனே நுழைத்தல் கூடாது. தகட்டின் விளிம்பு கத்தி போன்றது. வண்டியின் அதிர்வு அறுக்கும் கை போன்றது. துளையில் இறப்பர் வளையம் பொருத்தி, கம்பிக்கு மேலும் ஓர் உறைக்குழாய் இட்டே கொண்டு செல்க. வெளியேற்று குழாய், மிதிகட்டைகள், கியர்த்தண்டு ஆகியவற்றினின்றும் விலக்கி, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கட்டு இடுக.

மறைமுனைக் கம்பியை, மின்கலவடுக்கின் புவிக்கம்பி வண்டியின் உடலைச் சேரும் அவ்விடத்திலேயே பிணைத்தல் நன்று. அதனை மின்கலவடுக்கின் மறைமுனையிலேயே பிணைப்பதாயின் அக்கம்பியிலும் ஓர் உருகி வேண்டும். பழைய வண்டிகளில் எஞ்சினையும் உடலையும் மின்கலவடுக்கோடு பிணைக்கும் பட்டை துருவேறி அறுந்து போதல் உண்டு. அப்பொழுது எஞ்சினைத் தொடக்கும் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியர்கள் மீளும் வழி தேடி, வானொலியின் பெட்டி வழியாக அதன் மெல்லிய மறைக்கம்பியிலே பாயும். உருகியில்லையேல் தீ நிச்சயம். வானொலி பொருத்தும் நாளிலேயே அப்பட்டைகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துத் துருவகற்றி மீளப் பூட்டுதல் இரட்டைப் பயன் தரும்.

வேலை தொடங்குமுன் மின்கலவடுக்கின் புவி முனையை முதலிற் கழற்றுதலும், முடிந்தபின் அதனை இறுதியிற் பூட்டுதலும் மறவாது கடைப்பிடிக்க வேண்டிய விதி.

கருவியை நேரே மின்கலவடுக்கோடு இணைத்தால், சாவியை எடுத்த பின்னும் அது இயங்கும். முகாமில் இரவெல்லாம் காத்திருப்போர்க்கு இஃது நன்மை; 12 மணி நேரம் கேட்டாலும் 6 அம்பியர்-மணியே செலவாகும். மறதியுடையார்க்கோ தீமை, மூன்று நாள் அணைக்காது விட்டால் 36 அம்பியர்-மணி தீர்ந்து, 60 அம்பியர்-மணி மின்கலவடுக்கு எஞ்சினைத் தொடக்க வலியற்றுப் போம்.

கருவியின் இருப்பிடம்

11 அம்பியரை 13.8 உவோற்றில் உண்ணும் கருவி ஏறக்குறைய 150 உவாற்றை வாங்கி 50 உவாற்றை மாத்திரமே வானுக்கு விடுகின்றது. எஞ்சியது வெப்பமாகும். ஆதலால் காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். ஆசனப் பஞ்சினுள் அமிழ்த்தல் கூடாது. ஜீப் வண்டி நீரில் இறங்குவது. ஆதலின் தரைத்தட்டில் வைத்தலும் ஆகாது. ஆசனத்தின் கீழே ஒரு சாண் உயரத்திற் சட்டம் அமைத்தோ முன்தட்டின் கீழோ பொருத்தலாம். காற்றுப்பை உள்ள வண்டியாயின் அது விரியும் பாதையில் யாதொன்றையும் வைத்தல் கூடாது. சட்டத்தைத் தகட்டுத் திருகாணியால் அன்றி, ஊடுருவும் புரியாணியாலும் சுரையாலும் பூட்டுக. வண்டி கவிழுமாயின் ஒரு கிலோ எடையுள்ள உலோகப் பெட்டி கல்லாக மாறும்.

ஏரியல்

வானொலியின் வலிமை உவாற்றில் இல்லை, ஏரியலிலேயே உண்டு. நல்ல ஏரியலோடு கூடிய 10 உவாற்று, தீய ஏரியலோடு கூடிய 50 உவாற்றை வெல்லும். ஏனெனில் நல்ல ஏரியல் பேசுவதற்கு மாத்திரமன்றிக் கேட்பதற்கும் உதவும்.

அதன் நீளத்தையும் கணித்தறியலாம். வானொலி அலை ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 30 கோடி மீற்றர் செல்லும். 145 மெகாஹேட்ஸ் மீடிறனில் அலைநீளம் 300ஐ 145ஆற் பிரிக்க 2.07 மீற்றர். அதன் காற்பங்கு 52 சதமமீற்றர் அளவு. உலோகக் கோலில் அலை சற்றே சுருங்குமாதலின் நூற்றுக்கு ஐந்து கழித்தால் 49 சதமமீற்றர். இத்துணை நீளமுள்ள ஒரு கோல் போதும்.

ஆனால் இக்கோல் ஏரியலின் ஒரு பாதியே. மறுபாதி அதன் கீழுள்ள உலோகத் தகடு. கண்ணாடியின் முன் நின்ற பாதி உருவம் முழுமை பெற்றாற்போல, கோலும் தகடுஞ் சேர்ந்தே ஏரியல் முழுமை பெறும். ஆகவே கோலைச் சுற்றி எல்லாத் திசையிலும் உலோகம் சமமாகப் பரந்திருக்கும் கூரையின் நடுவிடமே தலையாய இடம். கூரையின் ஓரத்தில் வைத்தால் உலோகம் மிகுந்த திசையில் அலை மிகும். மற்றத் திசையிற் குறையும். முன்காப்புத் தண்டில் வைத்தால் வண்டியின் உடலே பின்திசையை மறைக்கும். கண்ணாடி நார்க் கூரையாயின் கீழே ஓர் உலோகத் தகட்டை ஒட்டியே வைத்தல் வேண்டும்.

கூரையில் 19 மில்லிமீற்றர்த் துளையிட்டுப் பீடம் பொருத்துதல் சிறந்த முறை. உள்தட்டியைக் கழற்றிக் குறுக்கு விலாக்கள் எங்குள்ளன என்று பார்த்த பின்னரே துளைக்க. துளையின் உட்புறத்தே பீடம் வெறும் உலோகத்தைத் தொடவேண்டும். விளிம்பிலே துருத்தடுப்புப் பூச்சு வேண்டும். அலுமினியக் கூரையில் உருக்குப் பீடம் நேரே தொட்டு மழைநீர் புகின் அலுமினியம் அரிக்கப்படும். ஆதலின் அங்கே நீர்த்தடுப்புப் பசை இன்றியமையாதது. துளையிட மனமில்லாதார், பழைய ஜீப்புகளின் கூரையோரத்திலே மழைநீர் வடிதற்கென உள்ள தகட்டு வாய்க்காலிலே பிடிப்பானை முடுக்கலாம். உருக்குக் கூரையாயின் காந்தப் பீடமும் உதவும். ஆயின் காட்டுவழியில் ஒரு மரக்கிளை அதனைத் தட்டிவிடக் கூடும்.

ஏரியலையும் கருவியையும் இணைப்பது ஓரச்சு வடம். தொலைக்காட்சிக்குரிய வடம் 75 ஓம். வண்டி வானொலிக்குரியது 50 ஓம். தோற்றத்தில் ஒன்று போலிருப்பினும் ஒன்றுக்கொன்று பதிலாகா. வடம் வண்டியினுள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுக. மழைநீர் அவ்வளைவிலே சொட்டிவிடும்.

அளத்தல்

பொருத்தியவுடன் பேசத் தொடங்குதல் கூடாது. முதலில், கோலுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்தொடர்பு இல்லை என்பதை அளவு கருவியாற் காண்க. பின்னர் நிலையலை விகிதம் அளக்கும் மானியை இடையே வைத்துக் குறைந்த வலுவில் அளக்க. விகிதம் 1.5 ஆயின் நூற்றுக்கு 4 பங்கு வலுவே திரும்பும். 2 ஆயின் 11 பங்கு. 3 ஆயின் 25 பங்கு. 1.5க்குக் குறைந்தால் மனநிறைவு கொள்ளலாம். மேல் மீடிறனில் விகிதம் மிகுந்தால் கோல் நெடிது. மும்மூன்று மில்லிமீற்றராகக் குறைக்க. கீழ் மீடிறனில் மிகுந்தால் கோல் குறிது. வெட்டிய கோல் மீள வளராதாதலின் பொறுமை வேண்டும்.

இரைச்சல்

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. ஆதலின் அவ்வண்டிகள் வானொலிக்கு உகந்தவை. பெற்றோல் வண்டியில் எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறையும் படபடப்புக் கேட்குமாயின், தடையுள்ள தீப்பொறிச் செருகிகளையும் அதற்குரிய கம்பிகளையும் இடுக. வேகத்தோடு ஏறியிறங்கும் சீழ்க்கை போன்ற ஒலியாயின் அது மின்பிறப்பாக்கியிலிருந்து வருவது. மின்கலவடுக்கிலிருந்து நேரே கம்பி எடுத்திருப்பின் பெரும்பாலும் இஃது எழாது. எழின், எஞ்சினையும் பொனற்றையும் உடலோடு செப்புப் பட்டைகளாற் பிணைத்தல் பயன்தரும்.

எட்டுந் தூரம்

இவ்வலைகள் பார்வை போல நேரே செல்வன. புவியின் வளைவே எல்லை. ஏரியலின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆற் பெருக்கினால் கிலோமீற்றரில் அடிவானத்தின் தூரம் கிடைக்கும். 2 மீற்றர் உயர ஏரியல் உள்ள இரு வண்டிகள், வெளியான நிலத்தில் ஏறக்குறைய 12 கிலோமீற்றர் வரை பேசலாம். ஒன்று 100 மீற்றர்க் குன்றின்மேல் நின்றால் அத்தூரம் 47 கிலோமீற்றராகும். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சமதரையிலே குன்று இல்லையாதலின், உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் ஒரு நிலையத்தை வைத்து வண்டிகள் அதனூடாகப் பேசுதலே வழி. உவாற்றை இருமடங்காக்குவதிலும் ஏரியலை உயர்த்துவது மலிவும் நன்மையுமாம்.

அனுமதி

வானம் பொதுவுடைமை, ஆயினும் கேட்பாரற்ற உடைமையன்று. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இதனை ஆள்கின்றன. அனுமதிப் பத்திரம் இன்றிச் செலுத்தியை வழங்குதல் குற்றம். அமெச்சூர் வானொலிக்குத் தேர்வில் தேறி, 4எஸ்7 எனத் தொடங்கும் அழைப்புக்குறி பெறுதல் வேண்டும். அதனை வணிகத்துக்குப் பயன்படுத்தல் ஆகாது. எம் மண்ணில் உரிமையற்ற வானொலி எத்தகைய ஐயத்தை விளைக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின் கருவியை வாங்குவதற்கு முன் அனுமதியை நாடுக, பின்னர் அன்று.

பேசும் முறை

இப்பகுதியில் எம் தொழிலுக்கு உரிய ஒரு செய்தி உண்டு. பேசும் பொத்தானை அழுத்திய கணத்திலே கருவி வாங்கியிலிருந்து செலுத்தியாக மாறச் சிறிது நேரம் எடுக்கும். அழுத்துமுன்னரே வாய்திறப்பார் முதலசையை இழப்பர். தமிழிலே ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என்னும் எண்களெல்லாம் ஒரே ஈற்றைக் கொண்டவை. அவற்றை வேறுபடுத்துவது முதற்பகுதியே. "ஐம்பது பேர் அகப்பட்டுள்ளனர்" என்று கூறும்போது முதற்பகுதி அறுபட்டால் கேட்பார் செவியிற் பத்துப் பேர் என்றே விழும். பத்துப் பேருக்கு உரிய படகு வரும். நாற்பது பேர் கரையில் நிற்பர். ஆகவே அழுத்துக, ஒரு செக்கன் பொறுக்க, பின்னர்ப் பேசுக. எண்களை "ஐந்து, சுழியம்" எனத் தனித்தனி இலக்கமாகக் கூறுக. வானொலியில் ஏறக்குறைய 300 முதல் 3000 ஹேட்ஸ் வரையான ஒலியே செல்லுமாதலின், ல, ழ, ள வேறுபாடு மங்கும். வன்னியிலே குளம் என முடியும் ஊர்ப் பெயர்கள் பலவாதலின், ஊரின் பெயரோடு அருகிலுள்ள பெருந்தெருவையும் பிரதேச செயலகப் பிரிவையும் சேர்த்துக் கூறுதல் நன்று.

பேசுமுன் கேட்க. வேறொருவர் பேசும்போது குறுக்கிடற்க. யார், எங்கே, எத்தனை பேர், என்ன வேண்டும் என்னும் நான்கினையும் இவ்வொழுங்கிலே கூறி நிறுத்துக. கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்லுந் துணையும் செய்தி சேர்ந்ததாகக் கொள்ளற்க. ஓட்டுபவர் வண்டியைச் செலுத்தட்டும். பேச்சை அருகிலிருப்பவர் ஏற்கட்டும். பேசும்போது வெளியே ஏரியலருகில் எவரும் நில்லாதவாறும் அதனைத் தொடாதவாறும் பார்த்துக் கொள்க. எரிபொருள் நிரப்பும் நிலையத்திலும் கல்லுடைக்க வெடிவைக்கும் இடத்திலும் செலுத்தற்க.

கருவி வந்த நாளிலே பேசி மகிழ்ந்து பின்னர் மறந்துவிடுதல் எம்மவர் இயல்பு. திங்களுக்கு ஒரு முறையேனும் குறித்த நேரத்தில் வண்டிகள் ஒன்றையொன்று அழைத்துப் பழகுதல் வேண்டும். அப்பழக்கமே துருவேறிய இணைப்பையும், தளர்ந்த ஏரியலையும், வறண்ட மின்கலவடுக்கையும் மழைக்கு முன்னரே காட்டிக் கொடுக்கும்.

எம் கல்லூரி அன்னையின் மைந்தருள் பொறியியலாளர் உளர், மின்வினைஞர் உளர், கராச்சு நடத்துவோர் உளர், ஜீப் வண்டி உடையோரும் உளர். இவர்கள் ஓரிடத்திற் கூடின் ஊருக்கு ஒரு வண்டியேனும் இருவழி வானொலி பெறுதல் அரிதன்று. அடுத்த மாரிக்கு முன் ஒரு வண்டி. அதற்கடுத்த மாரிக்கு முன் மற்றொன்று. அன்னத்தையும் மேகத்தையும் விட்டுத் தூதனுப்பிய தமிழர் மறுமொழிக்காக நெடுங்காலம் காத்திருந்தனர். வெள்ளத்தின் நடுவே கூரைமேல் நிற்பவன் அவ்வாறு காத்திருக்கவியலான். அவன் அழைக்குங்கால் "கேட்கின்றது, வருகின்றோம்" எனக் கூறுதற்கு ஒரு வண்டி ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.